பழைய ஸ்போர்ட்ஸ் காரோட இன்டீரியரைத் திரும்பப் போடுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950, 60, 70கள்ல வந்த ரெண்டு சீட் திறந்த காரும் சின்ன கூப்பே காரும் தான் இங்க பேச்சு. எம்ஜிபி, ட்ரையம்ஃப், ஜாகுவார் இ-டைப், டாட்சன் 240ஸெட், பழைய போர்ஷே எதுவா இருந்தாலும் வேலையோட அடிப்படை ஒண்ணு தான். பாடி வேலையும் இன்ஜினும் முடிச்சுட்டு, "இனி உள்ள சீட்டும் கார்பெட்டும் தானே"ன்னு நினைக்கிறவங்க தான் நிறைய பேர், அவங்க மாட்டிக்கிற இடமும் அது தான். அதனால கேள்விகளை வேலை நடக்கிற வரிசையிலயே போட்டிருக்கேன்.

இன்டீரியர் வேலையை எப்போ ஆரம்பிக்கணும்?

காரைப் பிரிக்கிற முதல் நாளே. நான் இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன், ஏன்னா கடைசியில வர்ற முக்கால்வாசி தலைவலி பிரிக்கும்போது கவனிக்காம விட்டதால வர்றது தான். ஒவ்வொரு பார்ட்டையும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழட்டுற நடுவுல ஒண்ணு, கழட்டினதும் அது மறைச்சுட்டு இருந்த இடத்துக்கு ஒண்ணு. ஸ்க்ரூ, க்ளிப், வாஷர் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டாம சின்னச் சின்ன ஜிப் கவர்ல போட்டு, "இடது கதவு, கீழ் வரிசை"ன்னு எழுதி வைங்க. கார்பெட் எந்த ஓரத்துக்கு அடியில போய் சொருகி இருந்துச்சு, ரப்பர் பீடிங் அதுக்கு மேலயா கீழயா, பைப்பிங்கோட (தையல் ஓரத்துல கயிறு மாதிரி வர்ற விளிம்பு) முனை எங்க மறைஞ்சுதுன்னு இதெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது, வொர்க்‌ஷாப் மேனுவல்லயும் இருக்காது.

பழைய கார்பெட், சீட் கவர் எல்லாம் கிழிஞ்சு நாறுது. தூக்கிப் போட்டுடலாமா?

கூடாது, புதுசு போட்டு முடிச்சு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற வரைக்கும் ஒரு துண்டு கூட வெளிய போகக் கூடாது. உங்க காருக்கான அளவு அந்தப் பழசுல தான் இருக்கு. அந்தக் காலத்து காரெல்லாம் பாதி கையில செஞ்சது, ஒரே மாடல்ல ரெண்டு காரை வச்சுப் பார்த்தாலே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். கேரேஜ்ல கூரையிலிருந்து பை கட்டித் தொங்க விட்டாலும் பரவாயில்ல, வச்சிருங்க.

சீட் கவரைக் கழட்டும்போது கத்தியால இழுத்துக் கிழிக்காம, தையலை மட்டும் பிரிச்சு ஒவ்வொரு துண்டுலயும் நம்பர் போட்டு, எந்தப் பக்கம் மேலன்னு ஒரு அம்புக்குறி போடுங்க. பிரிச்ச துண்டுகளை இஸ்திரி போட்டது போல தட்டையாக்கி அட்டையில வரைஞ்சு வச்சுக்கிட்டா அது தான் பேட்டர்ன். ஒரே ஒரு விஷயம், பழைய லெதர் வருஷக்கணக்கா உட்கார்ந்து உட்கார்ந்து விரிஞ்சிருக்கும், சில இடத்துல வெயில்ல சுருங்கியும் இருக்கும். அதனால அதை அப்படியே காப்பி அடிக்காம, ஒரு பக்கத்து துண்டைத் திருப்பி மறு பக்கத்து துண்டு மேல வச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டு வரையணும்.

ஒரிஜினல் இன்டீரியர் கொஞ்சம் சுமாரா தான் இருக்கு. மாத்தணுமா, அப்படியே விடலாமா?

விட முடிஞ்சா விடுங்கன்னு தான் சொல்வேன். ஃபேக்டரியில போட்ட லெதர் ஒரு தடவை போச்சுன்னா போனது தான், எவ்ளோ செலவு பண்ணாலும் அது திரும்ப வராது. லெதர் காய்ஞ்சு மேல் பூச்சு மட்டும் வெடிச்சிருந்தா நல்லா க்ளீன் பண்ணி, வெடிப்புக்கு ஃபில்லர் வச்சு, தண்ணி கலந்த லெதர் பெயின்ட் அடிச்சு கொண்டு வந்துடலாம். தையல் மட்டும் விட்டிருந்தா அதே ஓட்டையில கையாலயே திரும்பத் தைக்கலாம். ஆனா விரலால கிள்ளிப் பார்க்கும்போது லெதர் அட்டை மாதிரி கிழிஞ்சா, இல்ல பின்பக்கம் பவுடரா உதிர்ந்தா அதுக்கு மேல அதோட மல்லுக்கட்டாதீங்க.

கவர் நல்லா இருந்து உள்ள ஃபோம் மட்டும் உட்கார்ந்து போயிருக்கிறது ரொம்ப சகஜம். கவரைப் பத்திரமா எடுத்து, உள்ள மட்டும் புதுசு போட்டு, அதே கவரைத் திரும்ப மாட்டலாம். பல பேர் இந்த வழியை யோசிக்கிறதே இல்ல, நேரா புது கவர் செட் ஆர்டர் பண்ணிடுறாங்க.

என் காரோட ஒரிஜினல் இன்டீரியர் கலர் எதுன்னு எப்படித் தெரியும்?

ரெண்டு வழி, ரெண்டையும் பண்ணுங்க. முதல்ல ஃபேக்டரி ரெக்கார்டு. எம்ஜிபி மாதிரி பிரிட்டிஷ் கார்களுக்கு கேய்டன்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிட்டேஜ் சர்டிஃபிகேட் குடுக்குது, ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் ட்ரஸ்ட் இருக்கு, பழைய போர்ஷேக்கு கார்டெக்ஸ்னு ஒரு கார்டு இருக்கு, அமெரிக்க ஃபோர்டு கார்ல 1967லிருந்து வந்ததுக்கு மார்ட்டி ரிப்போர்ட். இதுல பெயின்ட் கலரோட பெரும்பாலும் ட்ரிம் கலரும், அதாவது இன்டீரியர் கலரும், இருக்கும்.

ரெண்டாவது, காரே சொல்லும். சூரிய வெளிச்சம் படாத இடத்தைப் பாருங்க: டோர் பேனல் பின்னாடி மடிச்சு ஒட்டியிருக்கிற ஓரம், சீட் கவர் ஃப்ரேமுக்கு அடியில மடங்கற இடம், பைப்பிங்கோட உள் பக்கம், ஹேண்ட் பிரேக் கவருக்கு அடியில இருக்கிற கார்பெட். வெளிய பிரவுனா தெரியிற கார்பெட் அங்க சிவப்பா இருக்கிறதை நிறைய கார்ல பார்க்கலாம். மேட்சிங்குக்கு சாம்பிள் அனுப்பும்போது அந்த மறைவான துண்டைத் தான் அனுப்பணும்.

பெயின்ட்டுக்கு முன்னாடி இன்டீரியர்ல எதாவது பண்ண வேண்டியது இருக்கா?

இருக்கு, நிறைய பேர் தாண்டிப் போற படி இது தான். டிங்கரிங் முடிஞ்சு பிரைமர் ஸ்டேஜ்ல இருக்கும்போதே சீட்டு, டேஷ், டோர் பேனல், கன்சோல், சீட் பெல்ட், திறந்த கார்னா ஹூட் (மடக்குற துணிக் கூரை) ஃப்ரேம் எல்லாத்தையும் ஒரு தடவை வச்சுப் பாருங்க. புது ஃப்ளோர் வெல்ட் பண்ணியிருந்தா சீட் ரெயில் போல்ட் ஓட்டை அரை விரல் அளவு நகர்ந்திருக்கலாம், புது சில் (கதவுக்கு அடியில நீளமா போற தகடு) போட்டிருந்தா கார்பெட் போற இடைவெளி குறைஞ்சிருக்கலாம். ட்ரில் போடுறது, கிரைண்ட் பண்றது, மரை வெட்டுறது எல்லாம் இப்பவே. பெயின்ட் அடிச்ச அப்புறம் ட்ரில் பிட் ஒரு தடவை வழுக்கினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. பெயின்ட் முடிஞ்சதும் மரை இருக்கிற ஓட்டையெல்லாம் டேப் (மரை வெட்டுற டூல்) விட்டு சுத்தம் பண்ணிக்கணும், இல்லன்னா போல்ட் பாதியில இறுகி நிக்கும்.

எந்த வரிசையில திரும்பப் போடணும்?

காருக்குக் கார் மாறும், ஆனா பொதுவா இப்படி: ஒயரிங், பிரேக் பெடல் செட், ஹீட்டர் பாக்ஸ், வைப்பர் மெக்கானிசம் முதல்ல. அப்புறம் சவுண்டு, ஹீட் ஷீட். கூப்பேன்னா ரூஃப் லைனிங், அதுக்கப்புறம் தான் முன் பின் கண்ணாடி. அப்புறம் டேஷ், கார்பெட், கன்சோல், சைடு பேனல், டோர் பேனல், சீட் பெல்ட், கடைசியா சீட். ஹூட் எல்லாத்துக்கும் அப்புறம்.

ஹீட்டரை மட்டும் அழுத்திச் சொல்றேன். டேஷ் போட்டதுக்கப்புறம் ஹீட்டர் பாக்ஸை எடுக்கிறது பல கார்ல நரக வேதனை. ரேடியேட்டர் மாதிரி உள்ள இருக்கிற மேட்ரிக்ஸை ப்ரெஷர் டெஸ்ட் பண்ணி, உள்ள இருக்கிற ஃபோம் சீலிங்கை மாத்தி, ஃபேன் மோட்டாரை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் தான் மாட்டணும். அது லீக் ஆனா கூலன்ட் நேரா புது கார்பெட்ல தான் ஊத்தும்.

கார்பெட் ரெடியா இருக்கு, போட்டுடலாமா?

தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சா? இல்லன்னா போடாதீங்க. ஒருத்தர் உள்ள டார்ச்சோட உட்காரணும், இன்னொருத்தர் வெளிய ஹோஸ் பிடிக்கணும், ப்ரெஷர் இல்லாம மழை மாதிரி, கீழயிருந்து ஆரம்பிச்சு மெதுவா மேல. மேல இருந்து ஆரம்பிச்சா எங்க இருந்து ஒழுகுதுன்னே கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி ரப்பர், வைப்பர் ஸ்பிண்டில், பானெட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஏர் இன்டேக், கதவு அடியில, பெடல் பாக்ஸ் கேஸ்கெட், ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஒயர் நுழையிற க்ரோமெட்ங்கிற ரப்பர் வளையம் இதெல்லாம் வழக்கமா ஒழுகுற இடம். ஹீட்டர் பாக்ஸுக்கு அடியில தண்ணி வெளிய போக ஒரு டியூப் இருக்கும் சில கார்ல, அது அடைச்சிருந்தா மழைத் தண்ணி முழுக்க காலடியில தான்.

கார்பெட்டுக்கு அடியில ஈரம் நின்னா மேல ஒண்ணும் தெரியாது, ஃப்ளோர் உள்ளேயிருந்து துருப்பிடிச்சுட்டே போகும். நீங்க இப்போ வெட்டி எடுத்து வெல்ட் பண்ணின அந்தத் துரு முதல் தடவை எப்படி வந்துச்சுன்னு யோசிச்சா புரியும்.

சவுண்ட் டெட்னிங் ஷீட் காரு முழுக்க ஒட்டணுமா?

வேண்டாம். தகடு அதிர்றதை நிறுத்துறது தான் இந்த ப்யூட்டைல் (ஒட்டுற ரப்பர் மாதிரி) ஷீட்டோட வேலை, அதுக்கு ஒரு தட்டையான பேனலோட நடுவுல கால்வாசி இடத்தை மூடினாலே பெரும்பாலான பலன் கிடைச்சுடும். முழுக்க ஒட்டினா எடை தான் ஏறும், ஸ்போர்ட்ஸ் கார்ல அது யாருக்கு வேணும். தட்டிப் பாருங்க, டம்னு நீளமா சத்தம் வந்தா அங்க ஒட்டுங்க, டக்னு நின்னா தேவையில்ல.

வெப்பம் வேற விஷயம். ட்ரான்ஸ்மிஷன் டனல் (ரெண்டு சீட்டுக்கும் நடுவுல மேடா போற தகடு), எக்ஸாஸ்ட் போற பக்கம், ஃபயர்வால் இந்த மூணு இடத்துலயும் மேல அலுமினியம் முகம் வச்ச க்ளோஸ்டு செல் (தண்ணி உறிஞ்சாத) ஃபோம் போட்டா நீண்ட தூரம் ஓட்டும்போது கால் பொசுங்காது. தண்ணியை உறிஞ்சுற சாதா பஞ்சு, சணல் ஃபெல்ட் இதெல்லாம் அந்தக் காலத்துல போட்டது தான், திறந்த கார்ல அதைத் திரும்பப் போட நான் சொல்ல மாட்டேன், மேல தெரியப் போறதும் இல்ல. ஃப்ளோர்ல இருக்கிற ரப்பர் ப்ளக், கதவு அடியில இருக்கிற வடிகால் ஓட்டை எதையும் மூடிடக் கூடாது. தடிமனையும் பாருங்க, 10 மி.மீ. ஃபோம் போட்டுட்டு மேல கார்பெட் போட்டா கன்சோல் உட்காராது, ஆக்சிலரேட்டர் பெடல் கடைசி வரைக்கும் போகாது.

பழைய இன்சுலேஷன்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?

இருக்கலாம். ஃபயர்வால் பேட், எக்ஸாஸ்ட் பக்கத்துல இருக்கிற சாம்பல் கலர் போர்டு இதெல்லாம் சந்தேகப்பட வேண்டியது. கண்ணால பார்த்து சொல்ல முடியாது, ஒரு சின்ன துண்டை லேபுக்கு அனுப்பினா சொல்லிடுவாங்க. அது வரைக்கும் சுரண்டாதீங்க, உப்புத்தாள் போடாதீங்க, கம்ப்ரெசர் ஏர் அடிக்காதீங்க. இருக்குன்னு வந்தா அதுக்கான ஆள வச்சு எடுங்க, இதுல செலவு மிச்சம் பிடிக்கிறது உயிரோட விளையாடுறது.

கூப்பேயோட ரூஃப் லைனிங்கை நானே போட முடியுமா?

பொறுமையும் கூட ஒரு ஆளும் இருந்தா முடியும். மேல கம்பி வளைவுகள் இருக்கும், ஒவ்வொண்ணும் வேற வேற நீளம், அதனால கழட்டும்போதே முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் கலர் டேப் சுத்தி வரிசையைக் குறிச்சுக்கணும். துணியை ஒரு நாள் முன்னாடியே விரிச்சுப் போட்டா மடிப்பு கொஞ்சம் போகும். நடுக்கோடு போட்டு முன்னாடி நடுவுல ஒரு க்ளிப், பின்னாடி நடுவுல ஒரு க்ளிப், அப்புறம் மாத்தி மாத்தி ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டே போகணும், பசை போடுறதுக்கு முன்னாடி முழுசும் க்ளிப்லயே நிக்கணும். ரெக்சின் லைனிங்ல கடைசியா மிஞ்சுற சின்ன சுருக்கம் ஹீட் கன்னை தூரமா காட்டினா போயிடும். ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில போறதால தான் கண்ணாடியை இதுக்கப்புறம் மாட்டணும்னு மேல சொன்னேன்.

டேஷ்போர்டு வெடிச்சிருக்கு. என்ன வழி?

டாட்சன் 240ஸெட் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச வலி இது. ஃபோம் மேல மெல்லிசா ரெக்சின் தோல் ஒட்டின டேஷ், வெயில்ல தோல் சுருங்கும், சுருங்கினா வெடிக்கும். மூணு வழி இருக்கு. வெடிப்பை வி மாதிரி வெட்டி, வளையிற ஃபில்லர் வச்சு, டெக்ஸ்ச்சர் அடிச்சு பெயின்ட் பண்றது, சின்ன வெடிப்புக்கு ஓகே, ஆனா வெயில்ல நின்னா பக்கத்துலயே இன்னொண்ணு வரலாம். மேல ஒட்டுற ப்ளாஸ்டிக் கேப், சீப்பா முடியும், ஆனா ஓரத்துல தெரியும், எனக்கு அது பிடிக்காது. மூணாவது, அதுக்குன்னு இருக்கிற ஆளுங்ககிட்ட குடுத்து பழைய தோலை உரிச்சு ஃபோமைச் சரி பண்ணி வேக்யூம்ல புது தோல் இழுக்கிறது. காசு ஆகும், ஆனா வேலைன்னா அது தான்.

லெதர் சுத்தின டேஷ், இல்ல தகடு மேல சுருக்கம் சுருக்கமா கருப்பு பெயின்ட் அடிச்ச டேஷ்னா வேலை எளிது. ஜாகுவார் இ-டைப் 1961ல வந்தப்போ நடுப் பேனலுக்கு புள்ளி வச்ச அலுமினியம் போட்டிருந்தாங்க, பிறகு தான் கருப்பா மாறுச்சு, அதனால உங்க கார் எந்த வருஷத்துதோ அந்த வருஷத்துக்கான டேஷ் தானான்னு பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

மீட்டர், ஒயர் எல்லாம் கழட்டும்போது எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

ரெண்டு விஷயம். பழைய பிரிட்டிஷ் கார்கள்ல இன்ஜின் சூடு காட்டுற மீட்டர் ஒயர்ல ஓடாது, இன்ஜின் தலையில இருக்கிற ஒரு குமிழ்லயிருந்து மீட்டர் வரைக்கும் மெல்லிய செம்புக் குழாய் போகும், உள்ள ஈதர் இருக்கும். அதை மடக்கினாலோ வெட்டினாலோ மீட்டர் செத்துடும், திரும்ப நிரப்பிக் கொண்டு வர்றது தனி வேலை. டேஷை இழுக்கிறதுக்கு முன்னாடி குமிழ் பக்கம் கழட்டி, குழாயைப் பெரிய வட்டமா சுத்தி மீட்டரோடயே வைங்க. ஆயில் ப்ரெஷர் மீட்டருக்கும் இன்ஜின் ஆயிலே நேரா டேஷுக்கு வர்ற குழாய் இருக்கும், அதோட நட்டுக்குள்ள இருக்கிற சின்ன லெதர் வாஷரை மறந்தா புது கார்பெட்ல சொட்டு சொட்டா ஆயில்.

ரெண்டாவது எர்த். டேஷை அழகா பவுடர் கோட்டிங் பண்ணியாச்சு, எல்லா மீட்டரும் லைட்டும் வேலை செய்யலன்னா முக்கால்வாசி காரணம் அந்தக் கோட்டிங் தான், கரன்ட் திரும்பிப் போக இடமில்ல. எல்லா மீட்டருக்கும் ஒரு தனி எர்த் ஒயர் இழுத்து விட்டுடுங்க. பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்து ஒரே மாதிரி தப்பா காட்டினா, டேஷ் பின்னாடி இருக்கிற 10 வோல்ட் ஸ்டெபிலைசரைப் பாருங்க, அதுக்கும் எர்த் வேணும். ரேடியோ மாட்டுறவங்க பேட்டரி எந்தப் பக்கம் எர்த்னு கட்டாயம் பார்க்கணும், எம்ஜிபியில 1967 வரைக்கும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனை தான் பாடியில இணைஞ்சிருக்கும், புது எலக்ட்ரானிக்ஸ் எதையும் நேரா குடுத்தா புகைஞ்சுடும்.

கார்பெட் செட் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

உல் கார்பெட் நல்லா இருக்கும், காலுக்குத் தெரியும், நைலான் கலந்தது தேயாது, ரெண்டும் சரி தான். ஆனா உங்க காருக்கு முதல்ல என்ன வந்துச்சுன்னு பாருங்க, பல கார்ல ஃபேக்டரியே ரப்பர் மேட் தான் போட்டிருக்கும், அதுல விலை உசந்த உல் போட்டா கொஞ்சம் அந்நியமா தான் தெரியும். ஓரம் கட்டினதா, மடிச்சு தைச்சதா, குதிகால் படுற இடத்துல தனியா பேட் வச்சிருக்கான்னு பாருங்க.

பார்சல் வந்ததும் ஒட்டாதீங்க. எல்லாத்தையும் காருக்குள்ள விரிச்சு ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்புல படிய விடுங்க. டனல் கார்பெட்டை முதல்ல, நடுவுலயிருந்து வெளிய பார்த்து ஒட்டணும், சில் கார்பெட் அடுத்தது, ஃப்ளோர் கார்பெட்டை ஒட்டவே வேண்டாம், பட்டன் ஃபாஸ்னர்ல மாட்டினா போதும், ஈரமானா எடுத்துக் காய வைக்கலாம். சீட் போல்ட்டுக்கு கார்பெட்ல ஓட்டை போட ட்ரில் போடவே கூடாது, ஒரு நூல் சிக்கினா வரிசையா இழுத்துட்டு வந்துடும். சூடு பண்ணின கம்பியால அடியிலயிருந்து குத்தினா நைலான் ஓரம் உருகி பிசிறு வராது. ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி காருக்கு அடியில போய் பார்த்துட்டு வாங்க, டனல் ஓரமா பெட்ரோல் பைப், பிரேக் பைப், பேட்டரி கேபிள் போற காருங்க நிறைய.

எம்ஜிபி மாதிரி கார்ல சீட் ரெயிலுக்கு அடியில மரப் பட்டை வரும், கார்பெட் தடிமனுக்கு ஈடு குடுக்கிறதே அது தான். குப்பைன்னு நினைச்சு போட்டுட்டா சீட் முன்ன பின்ன நகராது.

டோர் பேனல் திரும்பத் திரும்ப வளைஞ்சு போகுது, ஏன்?

கதவுக்குள்ள மழைத் தண்ணி வர்றது இயல்பு, கண்ணாடி வழியா இறங்கி அடியில வடிகால்ல போயிடும். பேனலுக்கும் கதவுத் தகடுக்கும் நடுவுல ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் இருக்கணும், அது தான் அட்டையைக் காப்பாத்துது. முன்னாடி யாரோ ஸ்பீக்கர் மாட்டும்போது கிழிச்சுப் போட்டிருப்பாங்க. தடிமனான பாலித்தீனை ப்யூட்டைல் டேப்ல சுத்தி ஒட்டி, அடி ஓரத்தை மட்டும் கதவுக்குள்ள சொருகி விடுங்க, தண்ணி உள்ள போகும். பேனல் புதுசா வெட்டுறதா இருந்தா பழைய அட்டைக்குப் பதிலா மெல்லிய ஏபிஎஸ் ப்ளாஸ்டிக் ஷீட்டு, இல்ல வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட். க்ளிப் ஓட்டையைப் பழைய பேனலை மேல வச்சுத் தான் குறிக்கணும்.

சீட்டுக்கு லெதரா ரெக்சினா?

ஃபேக்டரி என்ன போட்டுச்சோ அது. ஆரம்ப கால எம்ஜிபியிலயே உட்காருற முகப்பு மட்டும் லெதர், பக்கவாட்டு எல்லாம் ரெக்சின், அது அந்தக் காரோட குணம். முழுக்க லெதர்ல தைக்கிறது தப்பில்ல, ஆனா "ஒரிஜினல்"னு சொல்லக் கூடாது, அவ்ளோ தான். 1878ல ஆரம்பிச்ச கானலி தோல் தான் ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின், ஃபெராரின்னு பெரிய கார்களுக்குப் போனது, அதே கிரெயின்ல இன்னைக்கும் தோல் செய்றவங்க இருக்காங்க, சாம்பிள் வாங்கி மறைவான பழைய துண்டோட பகல் வெளிச்சத்துல ஒப்பிடுங்க.

ஒரு முழு மாட்டுத் தோல் சுமாரா 50 சதுர அடி வரும், ஆனா தழும்பு, வயிற்றுப் பக்கம் இழுபடுற இடம் எல்லாம் கழிச்சா அவ்ளோ தேறாது. உட்காருற இடத்துக்கு முதுகுப் பக்கத் தோல், பின்னாடி பாக்கெட்டுக்கெல்லாம் வயிற்றுப் பக்கம். ஒரே பேட்ச் தோலா மொத்தமா வாங்கிடுங்க, பிறகு பத்தலன்னு இன்னொண்ணு வாங்கினா கலர் ஒட்டாது. திறந்த காருக்கு பாலியெஸ்டர் நூல் தான், வெயிலைத் தாங்கும், பருத்தி நூல் வேண்டாம். தையல் ரொம்ப நெருக்கமா போட்டா லெதர் அந்தக் கோட்டுலயே கிழியும்.

எந்தத் துணி, ஃபோம் வாங்கினாலும் தீ வேகமா பரவாத தரம் இருக்கான்னு கேளுங்க. அமெரிக்காவோட எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி கார் உள்பக்க மெட்டீரியல் நிமிஷத்துக்கு 102 மி.மீ.க்கு மேல எரியக் கூடாது. வீட்டு சோபா ஃபோமை வெட்டி கார் சீட்டுக்குள்ள வைக்கிறவங்க இதை யோசிக்கணும்.

சீட்டை நானே கட்டலாமா? கவர் ஏறவே மாட்டேங்குது.

கட்டலாம். முதல்ல ஃப்ரேமை மொத்தமா நிர்வாணமாக்குங்க, வெடிச்ச வெல்டைச் சரி பண்ணி, துரு எடுத்து, பெயின்ட் அடிங்க. அடியில ரப்பர் பட்டையோ ரப்பர் ஷீட்டோ இருந்தா யோசிக்காம புதுசு போடுங்க, ஸ்ப்ரிங்னா உடைஞ்சதை மட்டும் மாத்தலாம். ஸ்ப்ரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஒரு கனமான சாக்குத் துணி வரணும், இல்லன்னா ஸ்ப்ரிங் ஃபோமை அறுத்துட்டே இருக்கும். பழைய போர்ஷே, மெர்சிடிஸ் எல்லாம் ரப்பர் பூசின முடி பேட் தான், அதுக்குப் பதிலா ஃபோம் வச்சா உட்காருற உயரமும் உணர்வும் ரெண்டும் மாறிடும், அதே மாதிரி பேட் புதுசாவே கிடைக்குது, அதைப் போடுங்க.

கவர் ஏறாததுக்கு வழி இருக்கு. கவரை வெயில்ல போட்டு, இல்ல ஹேர் ட்ரையர்ல நல்லா சூடாக்குங்க. ஃபோம் மேல மெல்லிய ப்ளாஸ்டிக் கவரைப் போட்டுட்டு மேல சீட் கவரை இழுத்தா வழுக்கிட்டு இறங்கும், இறங்கினதும் ப்ளாஸ்டிக்கை அடியில இருந்து உருவிடலாம். பைப்பிங் லைன் ஃபோமோட ஓரத்துல சரியா உட்கார்ந்துச்சான்னு பார்த்துட்டு, நடுப் பள்ளத்துல இருக்கிற கம்பியை முதல்ல கட்டணும், அப்புறம் முன்னாடி, பின்னாடி, கடைசியா பக்கவாட்டு. ஹாக் ரிங் (கவரைக் கம்பியோட சேர்த்துப் பிடிக்கிற சின்ன வளையம்) போடுறதுக்கு அதுக்குன்னு இருக்கிற ப்ளையர் வாங்குங்க, சாதா கொறடுல போட்டா கையும் போகும் கவரும் போகும். ஏறவே இல்லன்னா பலத்தைக் காட்டாதீங்க, ஃபோம் ஓரத்துல பெருசா இருக்கும், எலக்ட்ரிக் கத்தியால கொஞ்சம் செதுக்குங்க.

ரெடிமேட் கிட் வாங்கலாமா, ஆள வச்சு தைக்கலாமா?

எம்ஜிபி, ட்ரையம்ஃப் மாதிரி நிறைய ஓடின காருக்கு நல்ல கிட் கிடைக்குது, வாங்குங்க. அபூர்வமான காருக்கு ஆள் தான். ஆளைத் தேடும்போது புது காருக்கு சீட் கவர் போடுறவரையும் பழைய கார் பண்றவரையும் ஒண்ணா நினைக்காதீங்க, அவர் முன்னாடி பண்ணின காரை நேர்ல பாருங்க, கோடு கோடா தைச்ச ப்ளீட்ஸ் ரெண்டு சீட்லயும் ஒரே அகலத்துல இருக்கா, குஷன்ல வர்ற கோடு முதுகுல வர்ற கோட்டோட நேரா சேருதா, அந்த ரெண்டு தெரிஞ்சா ஆள் எப்படின்னு தெரிஞ்சுடும்.

எந்தப் பசை?

ஹை டெம்பரேச்சர் கான்டாக்ட் பசை. சாதா பசை வெயில்ல நின்ன காருக்குள்ள இளகி கூரை தொங்கும். ரெக்சினுக்கு ரெக்சினுக்குன்னே இருக்கிற பசை, ஏன்னா அதுல இருந்து கசியிற எண்ணெய் சாதா பசையைக் கரைச்சுடும். ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத அளவுக்குக் காய்ஞ்சதும் ஒட்டணும். கதவு ஜன்னல் திறந்து வச்சு, மாஸ்க் போட்டு, பக்கத்துல நெருப்பு, ஹீட்டர் எதுவும் இல்லாம.

பழைய சீட் பெல்ட்டைத் துவைச்சுப் போடலாமா?

வேண்டாம். பட்டை பார்க்க நல்லா இருந்தாலும் வெயில் நூலைத் தின்னுருக்கும். பக்கிள் ஒரிஜினலா வேணும்னா அந்தப் பழைய பக்கிள்லயே புது பட்டை தைச்சு டெஸ்ட் பண்ணிக் குடுக்கிறவங்க இருக்காங்க, வீட்டுல தைக்கிற வேலை இல்ல இது. போல்ட் பெரும்பாலும் 7/16 இன்ச், இன்ச்சுக்கு 20 மரை, பெல்ட்டுக்குன்னு செஞ்ச போல்ட் மட்டும் போடுங்க. பெல்ட்டே வராத பழைய கார்னா வெறும் தகடுல ஓட்டை போட்டு மாட்டாதீங்க, பின்னாடி கனமான ப்ளேட் வெல்ட் பண்ணணும், அதையும் பெயின்ட்டுக்கு முன்னாடியே.

ஹூட்டை எப்போ மாட்டணும்?

வெதுவெதுப்பான நாள்ல, கதவு மூடி, சைடு கண்ணாடி ஏத்தி வச்சு. முதல்ல ஃப்ரேம் நேரா இருக்கா பாருங்க, வளைஞ்ச ஃப்ரேம்ல எந்த ஹூட்டும் உட்காராது. பின்பக்கம் முதல்ல, அப்புறம் முன்னாடி இழுத்து கோடு போட்டு, ஒரு ராத்திரி விட்டுட்டு அப்புறம் ஒட்டுங்க. பட்டன் ஓட்டையெல்லாம் ஹூட் இழுபட்டு நிக்கும்போது தான் போடணும்.

எல்லாம் முடிஞ்சது. இனி என்ன கவனிக்கணும்?

முதல் மாசம் ஹூட்டை மடிக்காதீங்க, இழுத்தே இருக்கட்டும். ஈரமா இருக்கும்போது எப்பவும் மடிக்கக் கூடாது. சீட் போல்ட், பெல்ட் போல்ட் எல்லாத்தையும் கொஞ்ச தூரம் ஓடினதும் ஒரு தடவை ஸ்பேனர் வச்சுப் பாருங்க, அடியில கார்பெட் அமுங்கும்போது சீட் போல்ட் லூஸாகும். பெல்ட் போல்ட்டுக்கு அடியில கார்பெட் சிக்கியிருக்கவே கூடாது. முதல் மழைக்கு அப்புறம் கார்பெட்டைத் தூக்கி விரலால தொட்டுப் பாருங்க. புது லெதருக்கு உடனே எண்ணெய், க்ரீம் எதுவும் தடவ வேண்டாம், ஈரத் துணியால துடைச்சா போதும். பழைய துண்டுகள் அடுக்கி வச்ச அந்தப் பையில இருந்து கார்பெட்டை வேணும்னா இப்போ தூக்கிப் போடலாம், சீட் பேட்டர்ன் அட்டையையும் கலர் சாம்பிளையும் மட்டும் கார் பேப்பரோட சேர்த்து வச்சிருங்க, அடுத்து அந்தக் காரை வாங்குறவருக்கு வேணும்.